ஊட்டி காந்தல் பனிக் குறிப்புகள்

நவம்பர் 28

நீர்ப்பனிதான் இன்னும். காலையில் புல்லை மிதித்தால் கால் நனைகிறது, அவ்வளவுதான். மழை விட்டு, வானம் வெளுத்து, காற்றும் நின்றால் உறைபனி வந்துவிடும். மேகம் மூடிய இரவில் பயமில்லை. வானம் திறந்து கிடந்தால் நிலத்துச் சூடெல்லாம் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளம் பார்த்து இறங்கும். அதனால் ஊட்டியில் மேட்டு வீடுகள் தப்பிக்கும். தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் வெளுக்கும்.

டிசம்பர் 17

வந்துவிட்டது. திண்ணையில் தொங்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டியது, ஆனால் தோட்டத்துப் புல் வெள்ளையாக மொறுமொறுத்தது. தரையோரக் குளிர் எப்போதும் ஒரு படி அதிகம். வெயில் படுமுன் உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் அடித்தோம்; பனி கரையாமல் வெயில் ஏறினால் இலை கருகிவிடும். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளை மிலார் செடி வைத்து மூடுவார்கள். எங்களுக்குப் பழைய கோணிதான்.

டிசம்பர் 18

பக்கத்து வீட்டுத் தம்பி கார் கண்ணாடியில் கொதிதண்ணீர் ஊற்றப் போனான். விரிசல் விடும் என்று தடுத்தேன். ராத்திரியே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு மூடினால் வேலை முடிந்தது.

டிசம்பர் 24

மாடி அறைக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம். சாயங்காலம் வாசலில் கரி மூட்டிக் குளிர் காய்ந்தார்கள், நல்லது. படுக்கப் போகும்போது, "அண்ணே, இந்தச் சட்டிய உள்ள வச்சுக்கிறோம், புகைதான் அடங்கிருச்சே" என்றார் பெரியவர். எனக்குக் குலை நடுங்கிவிட்டது. புகை அடங்கிய தணல்தான் ஆளைக் கொல்லும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சுகூட முட்டாது. மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் இப்படி அறையிலேயே இறந்த செய்தி குளிர்காலத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

"ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கே?" என்றார். போதாது. புகைபோக்கி வைத்த பழைய கணப்பு வேறு, சட்டி வேறு. காற்றுப் போக்கு இல்லாத குளியலறையில் கேஸ் கீசரும் இதே ஆபத்துதான். தலைவலி, குமட்டல், மயக்கம் ஒரே அறையில் ஒருவருக்கு மேல் வந்தால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று படுக்கக் கூடாது. கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்து 108-ஐ அழைக்க வேண்டும். சட்டியை நானே வாங்கித் தண்ணீர் ஊற்றினேன். பெரியவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். பரவாயில்லை. வெந்நீர்ப் பையும் கூடுதல் கம்பளியும் கொடுத்தோம்.

டிசம்பர் 25

எல்லோரும் எட்டு மணிக்குத்தான் எழுந்தார்கள். பெரியவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டாம், ஆனாலும் விடியுமுன் நடந்தே தீரும் பழக்கம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும் என்பதால் வெயில் வந்தபின் போகச் சொன்னேன். இதையாவது கேட்டார்.

ஜனவரி 3

இரண்டு நாளாக மேகம். கோணியை இன்னும் மடிக்கவில்லை, பிப்ரவரி வரை வேலை இருக்கிறது.