அந்துருண்டை வாசம்

எங்கள் தாத்தா சிங்கப்பூரில் காலாங் காஸ் ஆலையில் கரி அள்ளியவர். அவர் சட்டையை எத்தனை தடவை அலசினாலும் அந்துருண்டை வாசம் போகாது என்று பாட்டி சொல்வார். நிலக்கரியைச் சூடாக்கி காஸ் எடுத்தால் தார் மிஞ்சும். அதிலிருக்கும் நாப்தலீன்தான் அந்த வாசம். 1862இல் தொடங்கிய ஆலை 1998இல் மூடப்பட்டது. அந்தப் பக்கம் கம்போங் பூகிஸில் வீடு கட்டுமுன் மண்ணைச் சுத்தம் செய்தாக வேண்டும். தார் மண்ணுக்குள் அவ்வளவு காலம் கிடக்கும்.

நான் காற்று அளக்கும் வேலையில் இருக்கிறேன். போன மாதம் மேற்கே ஒரு பழைய தொழிற்சாலை நிலத்தில் குழி தோண்டிய பத்தாவது நிமிடம், பாட்டி சொன்ன அதே வாசம். அரைமணி நேரம் கழித்து, குழிக்குள் மண்வெட்டியோடு நின்ற புதுக்கோட்டைத் தம்பி கேட்டார்: "வாசம் நின்னுடுச்சுக்கா, மாஸ்க்கைக் கழட்டட்டுமா?"

வாசம் நிற்கவில்லை, மூக்குதான் மரத்துப்போயிருந்தது. மாஸ்க்கும் முகத்தில் சரியாகப் பொருந்தவில்லை போல. நாப்தலீன் துளி இருந்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும். நான் பயப்படுவது அதோடு சேர்ந்து வரும், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனுக்கு. எட்டு மணி நேர வேலைக்கு அதன் வரம்பு 1 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் பெரும்பாலும் மூக்குக்கு எட்டாது. தவிர, அதன் ஆவி காற்றைவிட 2.7 மடங்கு கனம். கீழே இறங்கிக் குழியில் தேங்கும்.

குழியின் விளிம்பில் நின்று பார்த்தபோது, காற்றிலுள்ள ஆவியை அளக்கும் பிஐடி கருவி 0.4 பிபிஎம் காட்டியது. கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கினேன்: 6. பிஐடி எல்லா ஆவியையும் சேர்த்துத்தான் சொல்லும், பென்சீனைத் தனியாகப் பிரிக்காது. அதனால் பென்சீன் பட்டால் நிறம் மாறும் அளவுக் கண்ணாடிக் குழாயின் இரு முனையையும் உடைத்து, பம்பில் செருகி இழுத்தேன். நிறம் 1-ஐத் தாண்டி ஓடியது.

தம்பியை மேலே வரச் சொன்னேன். குழியைத் தார்ப்பாயால் மூடினோம். வெயில் ஏற ஏற ஆவியும் கூடும் என்பதால் மீதி வேலையை மறுநாள் விடியலுக்குத் தள்ளினோம்.

எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. அன்றாடம் அளவுகளை எழுதும் எங்கள் தாளில் வேலியோர அளவுகளுக்கு மட்டுமே கட்டம் இருந்தது. அக்கம்பக்கத்து பிளாக்கில் இருப்பவர்களுக்கு அது அவசியம், சரி. குழிக்குள் நிற்பவர் மூச்சுவிடும் காற்றை யார் எழுதுவது? அன்றைக்கே 'குழிக்குள், மூக்கு உயரம்' என்று பேனாவால் ஒரு கட்டம் போட்டேன்.

மறுநாள் விடியற்காலை தம்பி இறங்குவதற்கு முன்பே தாளை எட்டிப் பார்த்தார். "நம்ம கட்டத்துல எவ்வளவுக்கா?"