சார்ட்டில் எப்போதும் 20

ஒரு நர்ஸ் தன்னை யாரென்று நினைக்கிறார் என்பதை வார்டு சார்ட்டைப் புரட்டினாலே கண்டுபிடித்துவிடலாம். காய்ச்சல், பிபி, பல்ஸ் எல்லாம் மெஷின் சொல்வது. சாதாரண வார்டில் மூச்சை மட்டும் பக்கத்தில் நின்று, நோயாளிக்குத் தெரியாமல், முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி என்பதால் பல பேர் எண்ணாமலேயே 20 என்று எழுதிவிடுவார்கள். இத்தனைக்கும் உடம்பு மோசமாவதைப் பல நேரம் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. டாக்டர் சொன்னதைச் செய்கிற ஆள்தான் நான் என்று நினைப்பவருக்கு எண்ணி என்ன ஆகப்போகிறது?

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி, நர்ஸ் வேலை பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில். அதே மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலிருந்து வரும் தமிழ் நோயாளிகளிடம் பேச மற்ற வார்டுக்காரர்களும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப் போன ஒரு ராத்திரி, தோப்பு வேலைக்குப் போகும் ஒரு பாட்டி, "ஒண்ணுமில்ல கண்ணு, அசதிதான்" என்கிறார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) 95 சதவீதம், சார்ட்டில் மூச்சு வழக்கம்போல 20. டியூட்டியில் இருந்த மலையாளிப் பெண், படிப்பு முடித்து வந்த புதுசு, எண்ணினாள்: 32. டியூட்டி டாக்டரை எழுப்பினாள். சாச்சுரேஷன் சரியாகத்தானே இருக்கிறது என்று அவர் சலித்துக்கொண்டதற்கு, நானே ஒரு நிமிஷம் எண்ணினேன், வந்து பாருங்கள் என்றாள். வந்தார், பாட்டி விடிவதற்குள் ஐசியுவுக்குப் போனார். ரத்தத்தில் தொற்று பரவியிருந்தது.

அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? அவள் அம்மாவும் வளைகுடாவில் நர்ஸ், அவர்கள் வீட்டில் சாப்பிடும்போதே வார்டுக் கதைதான். எங்கள் வீட்டில் பெண் பார்க்க வந்தபோது நைட் டியூட்டி பற்றி வாயைத் திறக்காதே என்றார்கள். அப்புறம், போராட்டங்களுக்குப் பின் 2018இல் கேரள அரசு தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அறிவித்ததே, அதற்குப் பிறகுதான் டாக்டர் முகத்தைப் பார்த்துப் பேசவே ஆரம்பித்தோம் என்பார்கள் சீனியர்கள்.

ஜெர்மன் படிக்கிறவள், ஜெர்மனிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள், அவளுக்கு என்ன அக்கறை என்று சிலர் பேசுகிறார்கள். எண்ணினது அவள்தானே!

ஆனால் முப்பது நோயாளிக்கு ராத்திரி இரண்டு பேர். மூச்சு எண்ணவே அரை மணி நேரம், மருந்து எப்போது கொடுப்பது? மே 12 நர்ஸ்கள் தினத்துக்கு கேக் வேண்டாம், நைட்டுக்கு இன்னொரு ஆள் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதுவரை பதில் இல்லை.