கிட்னி இன்ஃபெக்‌ஷன்: கல்ச்சர் ரிப்போர்ட் வரும்வரை

சிறுநீரகத்தில் தொற்று என்றால் சிறுநீர் கழிக்கும்போது எரியும், அடிக்கடி போகத் தோன்றும் என்றுதான் பொதுவாக நினைப்போம். எனக்கு வந்தபோது எரிச்சல் லேசாகத்தான் இருந்தது, அதுவும் ஒருநாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அதற்கப்புறம் வந்த குளிர்தான் ஆளைப் போட்டது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் பல்லோடு பல் அடித்தது. கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கம். அது அடங்கியதும் காய்ச்சல் 103 டிகிரிக்கு ஏறும், மாத்திரை போட்டால் வியர்த்துக் கொட்டி இறங்கும், சில மணி நேரத்தில் மறுபடி குளிர ஆரம்பிக்கும். சளியோ இருமலோ தொண்டை வலியோ எதுவுமே இல்லை. வலது பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே முதுகில் மட்டும் ஒரு கனமான வலி. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அது மாறவில்லை. தசைப்பிடிப்பாக இருந்தால் எப்படியாவது படுத்தால் கொஞ்சம் குறையும். இது எப்படிப் படுத்தாலும் அப்படியே இருந்தது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல்.

மருத்துவர் காய்ச்சலைப் பற்றிக் கேட்டு முடித்ததும் என்னைத் திரும்பி உட்காரச் சொன்னார். இடது பக்கம் விலாவுக்கும் முதுகெலும்புக்கும் நடுவே ஒரு கையை வைத்து, அதன்மேல் மறு கை முஷ்டியால் மெதுவாகத் தட்டினார். ஒன்றும் தெரியவில்லை. வலது பக்கம் அதே அளவுக்குத்தான் தட்டினார், நான் துள்ளிவிட்டேன். “சரி, கிட்னியாத்தான் இருக்கணும். யூரின் பார்த்துடலாம்” என்றார்.

இந்த இடத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன்னாலேயே யூரின் கல்ச்சருக்கு, அதாவது சிறுநீரில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, மாதிரி எடுக்கச் சொன்னார். சாதாரண யூரின் டெஸ்ட் சீக்கிரமே வந்துவிடும். அதில் சீழ் செல்கள் நிறைய இருக்கின்றன, சில கிருமிகள் உண்டாக்கும் நைட்ரைட் இருக்கிறது என்று தெரிந்தால் தொற்று இருப்பது கிட்டத்தட்ட உறுதி. ஆனால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்பதைக் கல்ச்சர்தான் சொல்லும். ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டால்கூட கிருமி வளராமல் கல்ச்சர் பொய்த்துப்போகலாம். அப்புறம் குருட்டாம்போக்கில்தான் மருந்து மாற்ற வேண்டியிருக்கும்.

மாதிரி எடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. அந்த இடத்தைத் தண்ணீரால் சுத்தம் செய்துவிட்டு, முதலில் வருவதைக் கழிப்பறையிலேயே விட்டுவிட்டு, நடுவில் வருவதைத்தான் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கமும் மூடியின் உள்பக்கமும் விரல் படக்கூடாது. எடுத்ததும் லேபில் கொடுத்துவிட வேண்டும், அறை வெப்பத்தில் கிடந்தால் தோலில் இருந்து வந்த கிருமிகளும் சேர்ந்து பெருகிவிடும். அப்படி ஆனால் ரிப்போர்ட்டில் பல வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருப்பதாக வரும், மறுபடியும் எடுக்க வேண்டியதுதான். நடுங்கிக்கொண்டே இதையெல்லாம் செய்வது சிரமம். என் அக்கா வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு வாந்தி நிற்காததால் மாத்திரை வயிற்றில் தங்காது என்று சொல்லி அட்மிட் செய்தார்கள். ட்ரிப்ஸ், செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். வலி தாங்கவில்லை, வேறு ஏதாவது வலி மாத்திரை கொடுங்கள் என்று கேட்டேன். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், ஏற்கெனவே உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருக்கும்போது அது ஆபத்து என்று மறுத்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. முதுகு வலி, காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வயிற்று ஸ்கேனும் எடுத்தார்கள். கல்லோ வேறு ஏதோ சிறுநீர்க் குழாயை அடைத்திருக்கிறதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, சீழ்க்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. தொற்றும் அடைப்பும் சேர்ந்துவிட்டால் அது அவசரம். அடைப்புக்குப் பின்னால் சீழ் தேங்கி நிற்கும்போது வெறும் மருந்தால் தீராது, உடனே சிறுநீர்க் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தோ, முதுகு வழியாகக் குழாய் போட்டோ வடித்துவிட வேண்டும். எனக்கு அடைப்பு இல்லை. வலது சிறுநீரகம் லேசாகப் பருத்திருந்தது, அவ்வளவுதான்.

சரியான மருந்து என்றால் பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்க ஆரம்பிக்கும் என்றார்கள். எனக்கு இறங்கவில்லை. குமட்டல் குறைந்தது, ஆனால் சாயங்காலமானால் குளிர் வந்துவிடும். அந்தக் காத்திருப்புதான் இதில் எனக்கு ரொம்பக் கஷ்டமான பகுதி. கல்ச்சருக்கு ஒன்றிரண்டு நாள் ஆகத்தான் செய்யும், கிருமி வளர வேண்டும், அப்புறம் ஒவ்வொரு மருந்தையும் அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும், அவசரப்படுத்த முடியாது.

ரிப்போர்ட் வந்தபோது அக்காவும் நானும் சேர்ந்து படித்தோம். மேலே ஈ.கோலை என்று இருந்தது. குடலில் சாதுவாக இருக்கிற கிருமி அது, சிறுநீர்ப் பாதைக்குள் ஏறிவிட்டால்தான் தொல்லை. சிறுநீரகத் தொற்றில் பெரும்பாலும் அதுதான் காரணம். பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் 4 செ.மீ. நீளம்தான் என்பதால் அது சிறுநீர்ப்பைக்கு எளிதாக ஏறிவிடுகிறது, அங்கிருந்து மேலே சிறுநீரகத்துக்கு. அதற்குக் கீழே மருந்துகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்து வேலை செய்யும், ஆர் என்றால் கிருமி அதற்கு அடங்காது. சிப்ரோஃப்ளாக்சசின் ஆர். எனக்கு ஏறிக்கொண்டிருந்த செஃப்ட்ரையாக்சோனும் ஆர். காய்ச்சல் ஏன் விடவில்லை என்பதற்கு ஒரே வரியில் பதில் கிடைத்துவிட்டது.

அக்கா பட்டியலில் கீழே நைட்ரோஃபியூரன்டாயினுக்கு எதிரே எஸ் இருப்பதைப் பார்த்துவிட்டாள். அது மாத்திரை. “இதையே கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடலாமே டாக்டர்?” என்று கேட்டாள். நல்ல கேள்விதான். அந்த மருந்து சிறுநீரில் நன்றாகச் சேரும், அதனால் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அருமையான மருந்து, ஆனால் சிறுநீரகத்தின் சதைக்குள் தேவையான அளவு ஏறாது என்று விளக்கினார். ஆக, ரிப்போர்ட்டில் எஸ் என்று இருக்கிறதே என்று நாமே மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள முடியாது. கிருமி எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மெரோபெனம் ஊசிக்கு மாற்றினார்கள். மாற்றிய மறுநாள் சாயங்காலம் குளிர் வரவில்லை. அதற்கடுத்த நாள் பசித்தது.

வீட்டுக்கு வந்தபின் நாளுக்கு ஒரு வேளை போடுகிற எர்டாபெனம் ஊசியாக மாற்றித் தந்தார்கள். அதைப் பக்கத்து கிளினிக்கில் போட்டுக்கொண்டேன். எந்த மருந்து, எப்படிப்பட்ட தொற்று என்பதைப் பொறுத்து மொத்த சிகிச்சை பொதுவாக 5 முதல் 14 நாள் வரை போகும். காய்ச்சல் விட்டதும் உடம்பு தேறிவிட்ட மாதிரி இருக்கும், அங்கே நிறுத்திவிடக் கூடாது. ஆனால் காய்ச்சல் போன பிறகும் ஒரு அசதி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அது மெல்ல மெல்லத்தான் போனது. கிரியேட்டினின் மறுபரிசோதனையில் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

எல்லோருக்கும் அட்மிஷன் தேவைப்படாது. மாத்திரை தங்குகிறது, தண்ணீர் குடிக்க முடிகிறது, வேறு நோய் இல்லை என்றால் வீட்டிலிருந்தே குணமாகிறவர்கள்தான் அதிகம். ஆனால் கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமல் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவதும், ஆள் தெரியாமல் போவதும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். தலைசுற்றல், மூச்சு வாங்குதல், ரத்த அழுத்தம் இறங்குதல், சிறுநீரே குறைந்துபோதல், இவையெல்லாம் தொற்று ரத்தத்தில் பரவுவதைக் காட்டலாம். அப்போது நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

இப்போது தண்ணீரை நேரத்துக்குக் குடிக்கிறேன், சிறுநீரை அடக்குவதில்லை, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்கிறேன். உடலுறவுக்குப் பின் சிறுநீர் கழித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள், அதையும் விடுவதில்லை. அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அக்காவின் போனிலும் என் போனிலும் வைத்திருக்கிறோம். இந்த மாதிரி மருந்துக்கு அடங்காத கிருமி ஒருமுறை வந்தவர்களுக்கு அதுவே மறுபடி வர வாய்ப்பு உண்டாம். அதனால் இனி எந்த மருத்துவரிடம் குளிர் காய்ச்சல் என்று போனாலும், முதல் ஊசியை அவர் முடிவு செய்வதற்கு முன் அதைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.