பூங்காவுக்கு ஒரு அளவுநாடா

மார்ச் 1, ஞாயிறு

இனிமேல் பூங்காவுக்குக் கிளம்பும்போது பையில் அளவுநாடா, நூல்கண்டு, பென்சில், கோடு போடாத நோட்டு எல்லாம் இருக்கட்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம். பாடப்புத்தகம் மட்டும் வேண்டாம். பிள்ளைகளாக ஒன்றைக் கேட்ட பிறகுதான் கணக்கும் அறிவியலும் எட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை அவர்கள் ஓடட்டும், புரளட்டும். வகுப்பறையை அப்படியே புல்வெளிக்குத் தூக்கி வந்தால் விளையாட்டும் போச்சு, படிப்பும் போச்சு.

முதல் கேள்வி மூன்றாம் வகுப்புக்காரனிடமிருந்து வந்தது. கூர்நுனியோடு நெடுநெடுவென்று நின்ற ஒரு மரத்தைக் காட்டி, "அம்மா, இது எவ்வளவு உசரம்?" என்றான். யாரும் ஏறவில்லை. ஒரு மீட்டர் குச்சியை நட்டு நிழலை அளந்தோம், 80 சென்டிமீட்டர். கையோடு மரத்தின் நிழலையும் அளந்தோம், 9 மீட்டர் 45. மகள் (எட்டாம் வகுப்பு) பெருக்கத் தொடங்கிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். "உச்சி மரத்துக்கு நடுவுலதானே இருக்கு? நாம பட்டையிலேர்ந்துதானே அளந்தோம்?"

சரியான கேள்வி. அடிமரத்தில் நூலைச் சுற்றினோம், 94 சென்டிமீட்டர். 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 30, அதில் பாதி 15. நிழலோடு அதைச் சேர்த்தால் 9.60 மீட்டர். 80 சென்டிமீட்டர் நிழலுக்கு ஒரு மீட்டர் உயரம் என்றால் மரம் 12 மீட்டர். வட்டத்தின் சுற்றளவும் விகிதமும் ஒரே மரத்தடியில் கைகோத்த அந்த நிமிடத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தேல்ஸ் இப்படித்தான் நிழலை வைத்துப் பிரமிடின் உயரத்தைச் சொன்னார் என்று ஒரு பழைய செய்தி உண்டு. வீடு திரும்பும் வழியில் அதைச் சொன்னேன். வரலாற்றுக்கு அவ்வளவு போதும் அன்றைக்கு.

மார்ச் 8, ஞாயிறு

இன்று ஊஞ்சல். "நான் லேசா இருக்கேன், அதனால நான்தான் வேகமா ஆடுவேன்" என்று தம்பி, "இல்லை, கனமா இருந்தாத்தான் வேகம்" என்று அக்கா. வாதம் முற்றியதும் கடிகாரத்தை எடுத்தோம். உந்தாமல், மெதுவாக, பத்து முறை போய்த் திரும்ப எவ்வளவு நேரம்? அவனுக்கு 28 விநாடி. அப்புறம் நான் உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட அதே 28. இருவருமே நம்பாமல் மறுபடி எண்ணச் சொன்னார்கள்.

கனமான உடலைப் பூமி கூடுதலாக இழுக்கிறது. ஆனால் அதை அசைக்கவும் அதே அளவு கூடுதல் விசை வேண்டும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது. ஊஞ்சலின் நேரத்தைத் தீர்மானிப்பது நீளம்தான். இதற்கு ஒரு சுலபமான வழியும் உண்டு: ஒரு ஆட்டத்துக்கான விநாடியை அதே எண்ணால் பெருக்கி நான்கால் வகுத்தால் நீளம் மீட்டரில் ஏறக்குறைய வந்துவிடும். 2.8-ஐ 2.8-ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் 1.96. நாடாவைப் பிடித்தால் கொக்கியிலிருந்து பலகை வரை 2 மீட்டர் 20.

இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? அரை மணி நேரம் அதிலேயே போனது, எனக்கு மிகவும் பிடித்த அரை மணி நேரம். கணக்கில் வரும் நீளம் பலகை வரை அல்ல, உட்கார்ந்திருப்பவரின் எடை மையம் வரை. அது பலகைக்கு மேலே, வயிற்றுப் பக்கம் இருக்கிறது. "அப்ப நின்னுக்கிட்டு ஆடினா இன்னும் சீக்கிரம் வரணுமே!" என்றாள் மகள். நான் பிடித்துக்கொள்ள, நின்று ஆடிப் பார்த்தாள். வந்தது.

மார்ச் 11, புதன்

மாலையில் சிறிது நேரம் மட்டும். தாளை இலைமேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து நரம்புகளைப் பதித்தார்கள். ஒன்றில் வலை மாதிரிப் பின்னல், இன்னொன்றில் பக்கம் பக்கமாகக் கோடுகள். காரணம் சொல்லாமல் விட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

வேலியோரம் வெட்டிய அடிமரங்கள் இரண்டு. ஒன்று பனை வகை, இன்னொன்று கிளைவிட்டு வளர்ந்த பெரிய மரம். மகன் நகத்தால் குத்திப் பார்த்தான். பனையின் விளிம்பு இரும்பாக இருந்தது, நடுவில் நகம் இறங்கியது. மற்றதில் நேர்மாறு: ஓரம் இளசு, நடு கெட்டி. அதில் வளையங்கள் தெரிந்தன, பனையில் நார்ப் புள்ளிகள்தான்.

தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதியில் இதற்கு இலக்கணமே இருக்கிறது. வெளியே வைரம் (கெட்டிப்பட்ட பகுதி) உள்ளவை புல், உள்ளே வைரம் உள்ளவை மரம். அந்தக் கணக்கில் பனை புல் இனம்! இன்றைய தாவரவியல் பனையைத் தனிக் குடும்பத்தில் வைத்தாலும், பனை, புல் இரண்டுமே ஒருவித்திலைத் தாவரங்கள்தான், அதாவது விதைக்குள் ஒரே ஒரு இலை கொண்டவை. இவற்றின் இலை நரம்புகள் பெரும்பாலும் பக்கம் பக்கமாக ஓடும். புதன்கிழமைத் தாளில் நீளக் கோடுகளாக விழுந்தது புல்லின் இலை என்பதை மகளே கண்டுபிடித்தாள்.

அதே அடிமரத்தில் எறும்பு வரிசை ஒன்று. மகன் குறுக்கே விரலால் அழுத்தித் தேய்த்தான். எறும்புகள் அந்த இடத்தில் தயங்கின, சில திரும்பின, சில வட்டமடித்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று தாண்டிப் போக, வரிசை மெல்லக் கூடியது. அவன் துடைத்தது எறும்புகள் விட்டுச்செல்லும் வாசனைப் பாதையை. அதே மரபியல் எறும்புக்கு மூன்றறிவு என்கிறது: தொடுதல், சுவை, மூன்றாவது மோப்பம். தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்த பகுதி இப்படிக் கண்முன் ஊர்ந்து போகும் என்று மகள் நினைத்திருக்க மாட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

"இந்தப் பூங்கா யாரோடது?" மகன் கேட்டதற்கு அக்காவே பதில் சொன்னாள்: எல்லாருடையதும், வரிப்பணத்தில் நடப்பது. எப்போதுமே அப்படி இருந்ததில்லை, ஒரு காலத்தில் பெரிய தோட்டங்கள் செல்வந்தர்களுக்கு மட்டும் என்று நான் சேர்த்தேன். இங்கிலாந்தில் 1847-இல் திறந்த பர்கன்ஹெட் பூங்கா பொதுப்பணத்தில் மக்களுக்காகவே அமைத்தது. அதை 1850-இல் பார்த்து வியந்த அமெரிக்கர் ஓம்ஸ்டெட்தான் பின்னால் கட்டடக் கலைஞர் வாக்ஸுடன் சேர்ந்து நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தார்.

எல்லாருடையதும் என்றால் நாமும் கேட்கலாமே என்று பூங்காவைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு மகள் கடிதம் எழுதினாள். மரங்களுக்குப் பெயர்ப்பலகை வேண்டும், தமிழ்ப் பெயரும் அறிவியல் பெயரும் இருக்க வேண்டும், தம்பி உயரத்துக்கு எட்டும்படி மாட்ட வேண்டும், ஆணி அடிக்கக் கூடாது. பெறுநர் முகவரி, பொருள், தேதி எல்லாம் பரீட்சையில் எழுதுவதுபோல் ஒழுங்காக. நாளைக் காலை தபாலில் சேர்க்கிறோம். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.