பழைய காட்டன் புடவையில் ஒரு குழந்தைப் போர்வை

பிறந்த குழந்தைக்குப் போர்வை தைத்துக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் துணிக்கடைக்குத்தான் போகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கும் பச்சைக் குழந்தையின் தோலுக்கும், பீரோவில் கிடக்கும் பழைய காட்டன் புடவையை விட நல்ல துணி கிடைக்காது. பல வருஷம் துவைத்துக் கட்டிய புடவையில் விடவேண்டிய சாயம் விட்டிருக்கும், சுருங்கவேண்டியது சுருங்கியிருக்கும், இழை மென்மையாகியிருக்கும். புதுத்துணியில் இதெல்லாம் தைத்து முடித்த பிறகு நடக்கும். ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு அளவு சுருங்கி, முதல் சலவையிலேயே போர்வை கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும்.

புடவை அசல் காட்டன்தானா என்று முதலில் பாருங்கள். ஓரத்திலிருந்து நாலைந்து இழையை உருவி, தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்தினால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான மணியாக உறையும். அது வியர்வையை உறிஞ்சாது, வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டும் பார்க்கலாம். உடனே உள்ளே இறங்கினால் நல்ல துணி. முத்துப்போல மேலே நின்றால் கஞ்சி இன்னும் மிச்சமிருக்கிறது அல்லது செயற்கை இழை கலந்திருக்கிறது.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். அந்துருண்டை போட்டு வைத்த புடவையை அப்படியே எடுத்துத் தைக்காதீர்கள். அதில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி (ரத்த சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள்காமாலையில் கொண்டுபோய் விடக்கூடும். குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரியாது. வெந்நீரில் திரும்பத் திரும்ப அலசி, சில நாள் வெயிலில் காயப்போட்ட பிறகும் வாசனை துளி இருந்தால் அந்தப் புடவையை விட்டுவிடுங்கள். கஞ்சி போட்ட புடவையாக இருந்தால் ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் வழவழப்பு இல்லாமல் வரும்வரை அலசவேண்டும். துணி மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காதீர்கள், உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும்.

காய்ந்த புடவையை ஜன்னலுக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். நைந்த இடம் வெளிச்சத்தில் வலைபோலத் தெரியும். குதிகாலில் உரசும் கீழ்ப்பக்கமும் கொசுவம் செருகும் இடமும்தான் முதலில் நையும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு ஒதுக்குங்கள். முந்தானையையும் இரண்டு பக்கக் கரையையும் எடுத்துவிடவேண்டும், ஜரிகை குழந்தையின் கன்னத்தைக் கீறும். ஐந்தரை மீட்டர் புடவையில் முந்தானை போக நாலரை மீட்டர், கரை போக 40 இன்ச் அகலம் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், நைந்ததைத் தள்ளிய பிறகும் மூன்று சதுரம் தாராளமாகத் தேறும். ஒரு போர்வைக்கு அது போதும்.

அடித்துணி 38 இன்ச் சதுரம், மேலே வரும் இரண்டும் 35 இன்ச் சதுரம். கத்தரியால் வெட்டுவதை விட, ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்துக் கையால் கிழிப்பது நல்லது. கிழிசல் இழை பிடித்தே ஓடும் என்பதால் விளிம்பு நேராக வரும். துணிக்கு உயிர் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரியும். ‘டர்ர்’ என்று சத்தத்தோடு கிழிந்தால் இன்னும் பல சலவை தாங்கும். சத்தமே இல்லாமல் பஞ்சுபோலப் பிரிந்தால், கை நிறையத் தையல் போட்டாலும் அந்தப் போர்வை நிற்காது.

மூன்றையும் இஸ்திரி போட்டு, டைல்ஸ் தரையில் அடுக்குங்கள். அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்த்திருக்கட்டும். டைல்ஸ் கோட்டோடு விளிம்பைப் பொருத்தி, இழுக்காமல் தடவிவிட்டு, நான்கு பக்கமும் செல்லோ டேப் ஒட்டுங்கள். நடு அடுக்கை, நாலு பக்கமும் ஒன்றரை இன்ச் விட்டு, நடுவில் வையுங்கள். அதன்மேல் மேல்துணியை நல்ல பக்கம் மேலே தெரிய வையுங்கள். பிறகு கைப்பிடி அகலத்துக்கு ஒரு வரிசையாக, பின்னால் பிரித்தெடுக்கும்படி நீள நீளமான தையல் போடவேண்டும். போர்வை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். இந்தத் தற்காலிகத் தையலைச் சோம்பல்பட்டு விட்டால் அடித்துணி உள்ளே மடிந்துபோவது மேலிருந்து தெரியாது. பத்து வரிசை தைத்துவிட்டுத் திருப்பிப் பார்க்கும்போதுதான் சுருக்கம் கண்ணில் படும், அத்தனையையும் பிரிக்கவேண்டி வரும்.

சேர்த்துத் தைக்க, ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்கி நேராகப் போகும் ஓட்டுத்தையல் போதும். 8 மீட்டர் எம்ப்ராய்டரி நூல்கட்டில் ஆறு இழை இருக்கும். இரண்டிரண்டாகப் பிரித்தால் 24 மீட்டர் கிடைக்கும். இரண்டு இன்ச் இடைவெளியில் 17 வரிசைக்கு ஏறக்குறைய 22 மீட்டர் ஆகும், அதனால் ஒரு கட்டு சரியாக வரும். அதே நிற எண்ணில் இன்னொன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, கருநீல நூல் சாயம் விடும். ஈரத் துணியில் அழுத்திப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.

முதல் வரிசை போர்வையின் நடுவில். ஐம்பது இன்ச் நூலை எடுத்து, முடிச்சுப் போடாமல், வரிசையின் நடுப்புள்ளியில் ஊசியை இறக்கிப் பாதி நூலை வெளியே தொங்கவிடுங்கள். அங்கிருந்து ஒரு விளிம்பு வரை தைத்து, மீதிப் பாதியை ஊசியில் கோத்து எதிர் விளிம்புக்குத் தையுங்கள். போர்வையின் நடுவில் ஒரு முடிச்சுகூட இருக்காது, இரண்டு முனையும் விளிம்பு மடிப்புக்குள் போய்விடும். தையல் கால் இன்ச், இடைவெளி கால் இன்ச். நாலைந்து தையலுக்கு ஒருமுறை துணியைக் கட்டைவிரலால் நீவிவிடுங்கள். நூலைச் சுண்டி இழுத்தால் வரிசை சுருங்கி 35 இன்ச் சதுரம் 33 ஆகிவிடும். அடுத்தடுத்த வரிசைகள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போகட்டும். மிஞ்சிய துணி இருந்தால் ஓரத்துக்கு நகர்ந்து வெளியேறிவிடும். ஓரத்திலிருந்து தொடங்கினால் அது நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும்.

மெஷினில் தைப்பவர்களுக்கு 11-ஆம் எண் ஊசி, இரண்டரை மில்லிமீட்டர் தையல். ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தும் பல் அடித்துணியை மட்டும் வேகமாக இழுப்பதால் மேல்துணி பின்தங்கும். அதைத் தடுக்க மூன்று இன்சுக்கு ஒரு குண்டூசி குத்துங்கள். எத்தனை குத்தினீர்கள் என்று எண்ணி எழுதிவைத்து, முடித்ததும் அத்தனையும் கைக்கு வந்ததா என்று பாருங்கள். குழந்தைத் துணியில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

விளிம்புக்கு, வெளியே நிற்கும் ஒன்றரை இன்ச் அடித்துணியை மேலடுக்கின் ஓரம் வரை ஒருமுறை மடித்து, மறுபடி மேலே மடித்தால் முக்கால் இன்ச் பட்டை கிடைக்கும். மூலைகளை முதலில் முடிக்கவேண்டும். துணியின் முனையை உள்பக்கம் குறுக்காக மடித்து, அந்த மடிப்பு மேலடுக்கின் மூலையைத் தொடும்படி வையுங்கள். மடிப்பிலிருந்து அரை இன்ச் விட்டு முனையை வெட்டிவிட்டு, இரண்டு பக்கப் பட்டையையும் மடித்தால் சாய்வுக் கோட்டில் அழகாகச் சந்திக்கும். வெட்டாமல் விட்டால் மூலை தடித்து, குழந்தை படுக்கும்போது உறுத்தும். பட்டையைச் சுற்றிலும் நெருக்கமாக எம்மிங் செய்யுங்கள்.

பட்டன், மணி, குஞ்சம், ரிப்பன் எதுவும் வேண்டாம். தொங்கும் நூல் ஒவ்வொன்றையும் ஒட்ட வெட்டுங்கள். தளர்ந்த ஒரு இழை பிஞ்சுக் கால்விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். இது மடியில் வைத்துப் பொதிய, குளித்ததும் துவட்டிச் சுற்ற, தரையில் விரித்து விளையாட விட ஏற்ற போர்வை. முதல் ஒரு வருஷம் தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் சொல்கிறது. பரிசோடு அதையும் சொல்லிக் கொடுங்கள். சுற்றும்போது கைகளோடு சேர்த்துக் கால்களையும் நீட்டி இறுக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள். இடுப்பு மூட்டு சரியாக வளர, தொடைகள் மடங்கி விரிய இடம் வேண்டும்.

கொடுப்பதற்கு முன் வாசனை குறைந்த சோப்பில் ஒருமுறை துவைத்து, வெயிலில் உலர்த்தி, பிளாஸ்டிக் கவரில் போடாமல் மிஞ்சிய புடவைத்துண்டிலேயே சுற்றிக் கொடுங்கள். பிறப்பதற்கு முன் குழந்தைப் பொருள் எதையும் வாங்கமாட்டோம் என்கிற வீடுகள் உண்டு. அங்கே பேர் வைக்கும் நாள் வரை காத்திருந்து கொண்டுபோங்கள். வெட்டி எடுத்த கரையைத் தூக்கிப்போடாதீர்கள், ஜரிகை இல்லாததாக இருந்தால் அதே குழந்தைக்கு அரைஞாண் கயிற்றில் செருகிக் கட்டும் அகலத்தில் நாலு லங்கோட்டுப் பட்டை தைக்கலாம்.