பத்து ரூபாய்க்கு சிம் வெட்டிய கடை

பார்க்க ஸ்டேப்ளர் மாதிரி இருக்கும். சிம் கார்டை அதன் வாயில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் ஓரத்துப் பிளாஸ்டிக் கழன்று விழும், புதுப் போன்களுக்கு வேண்டிய சின்ன மைக்ரோ சிம் மட்டும் கையில் நிற்கும். கோவில்பட்டியில் நான் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த செல்போன் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் இந்தக் கட்டர் எப்போதும் கிடக்கும்.

2014 மார்ச்சில் ஒரு பாலிடெக்னிக் பையன் வந்து, “அண்ணே, சிம் வெட்டணும்” என்றான். கையில் புத்தம்புது மோட்டோ ஜி. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதுவரை எந்தப் புது மாடல் வந்தாலும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஆள் முதலில் எங்கள் கடைக்குத்தான் கொண்டுவந்து காட்டுவார். ஒரு புது மாடலைக் கடைக்கு வரும் முன்பே வாடிக்கையாளர் கையில் நான் பார்த்தது அன்றுதான். மோட்டோ ஜியை பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட்டில் மட்டும் விட்டிருந்தார்கள். 8 ஜிபி 12,499 ரூபாய். எந்த ஊர்க் கடைக்கும் சரக்கு கிடையாது.

அந்த வாரமே இன்னும் மூன்று பேர் சிம் வெட்ட வந்தார்கள். கடை முதலாளி அண்ணாச்சி ஒரு முடிவு சொன்னார்: “நம்மகிட்ட போன் எடுத்தா சும்மா வெட்டிக் குடு. வெளிய எடுத்துட்டு வந்தா பத்து ரூபா வாங்கு.” அந்தக் கடை தன் உழைப்புக்கென்று விலை வைத்தது அதுதான் முதல் தடவை. அதையும் பாதிப் பேரிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நான் சேர்ந்தது 2009-ல். அப்போது கடை போர்டு நோக்கியா நீலம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-லிருந்து நோக்கியா போன் செய்துகொண்டிருந்தார்கள். “நம்ம மெட்ராஸ் பக்கத்துல செஞ்ச போன்” என்று சொல்லி நானே எத்தனையோ விற்றிருக்கிறேன். சனிக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ்களில் வாரச் சம்பளம் போடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடையில் நிற்க இடம் இருக்காது. போன் வாங்க வருகிறவர்கள் அதில் கொஞ்சம்தான். சார்ஜர் பின் வளைந்தது, ஸ்பீக்கர் கரகரப்பது, முப்பது ரூபாய்க்கு ஈசி ரீசார்ஜ் போடுவது, மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். பாட்டு ஏற்றுவது ஒரு தனி வித்தை. ஆள் முகத்தைப் பார்த்தே இவருக்கு டி.எம்.எஸ்., இவருக்கு இளையராஜா, இவருக்குச் சாமி பாட்டு என்று ஃபோல்டரைத் தேர்ந்தெடுப்பேன். பெரும்பாலும் தப்பாது.

ஸ்மார்ட்போன் வந்ததும் வேலை மாறியது. பெட்டியைப் பிரித்து, சிம் போட்டு, பழைய போனிலிருந்து நம்பர்களை மாற்றி, ஜிமெயில் கணக்கு திறந்து, வாட்ஸ்அப் இறக்கி, “இந்தப் பச்சையை அமுக்குங்கம்மா” என்று சொல்லிக் கொடுத்து அனுப்ப முக்கால் மணி நேரம் ஆகும். ஜிமெயில் கணக்குகளை எழுதி வைக்க ஒரு நீள நோட்டு போட்டிருந்தோம். பெயர், மெயில், பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு முக்கால்வாசிப் பேருக்கு ஒரே மாதிரிதான்: அவர் பெயர், பக்கத்தில் 1234. இன்றைக்கு நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. அரை ஊரின் சாவிக்கொத்து அந்த நோட்டில் இருந்தது. அது கல்லா மேல் திறந்தே கிடந்தது. கணக்கு திறக்கும்போது கூகுள் ஒரு போன் நம்பர் கேட்கும். வாங்க வந்தவருக்குப் புது சிம் இன்னும் ஆக்டிவேட் ஆகியிருக்காது. என் நம்பரைப் போடுவேன். ஒரு நம்பருக்கு இத்தனை கணக்குதான் என்று கூகுள் நிறுத்திவிடும். அப்புறம் அண்ணாச்சி நம்பர், அப்புறம் அவர் மகன் நம்பர்.

இவ்வளவுக்கும் எங்களுக்கு என்ன கிடைத்தது? பத்தாயிரம் ரூபாய்ப் போனில் நானூறோ ஐந்நூறோ நிற்கும். பேரம் பேசி, ஒரு பவுச்சும் டெம்பர் கிளாஸும் இலவசமாக வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த ஐந்நூறுக்குள்தான் முக்கால் மணி நேரம், மறுநாள் “தம்பி, சத்தம் வரல” என்று வருவது, ஒரு மாதம் கழித்து “எல்லா போட்டோவும் போச்சு” என்று வருவது எல்லாம் அடக்கம். வாங்கினவர்களுக்கு அது தெரியாது. சொல்லப்போனால் எங்களுக்கே தெரியாது. வியாபாரம் என்றால் பெட்டி விற்பது, மற்றதெல்லாம் பழக்கத்துக்காகச் செய்வது என்றுதான் நினைத்திருந்தோம். பெட்டி ஆன்லைனுக்குப் போனபோது பழக்கம் மட்டும் எங்களிடம் மிஞ்சியது.

2014 ஜூலையில் ஷாவ்மியின் மி 3 வந்தது, 13,999 ரூபாய். செப்டம்பரில் ரெட்மி 1எஸ், 5,999 ரூபாய். இரண்டும் ஃபிளிப்கார்ட்டில் மட்டும், அதுவும் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும், குறித்த நேரத்தில். சில நொடிகளில் தீர்ந்துவிடும். கடைக்கு வந்து “ரெட்மி இருக்கா?” என்று கேட்பவர்கள் தினமும் பத்துப் பேராவது இருந்தார்கள். அண்ணாச்சி அசரவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் கடைப் பையன்கள் நாலு பேரும், அவர் மகனும், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரும் ஆளுக்கொரு போனோடு உட்காருவோம். சரியாக இரண்டு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் அமுக்குவோம். ஒரு வாரம் இரண்டு கிடைக்கும், ஒரு வாரம் ஒன்றும் கிடைக்காது. கிடைத்ததை ஐந்நூறு அறுநூறு கூட வைத்து விற்போம். வாங்குகிறவர்கள் மகிழ்ச்சியோடு வாங்கிப் போவார்கள். நாங்கள் கடைக்காரர்களாக இருந்த காலம் போய், வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்களாகிவிட்டோம் என்பது அந்த விளையாட்டில் உறைக்கவில்லை.

அந்த வருஷம் அக்டோபர் 6-ம் தேதி ஃபிளிப்கார்ட்டின் பிக் பில்லியன் டே. தீபாவளி 22-ம் தேதி. தீபாவளிக்கு என்று நாங்கள் ரொக்கம் கொடுத்து எடுத்து வைத்திருந்த மாடல்களில் சில, எங்களுடைய கொள்முதல் விலைக்கும் கீழே அங்கே விற்றன. அண்ணாச்சி டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போன் செய்தார். “கம்பெனி நமக்கு அந்த ரேட் தரல அண்ணாச்சி” என்று பதில் வந்தது. நவம்பர் 1-ம் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையும் மூடப்பட்டது. அதற்கு வேறு காரணங்கள். வரி வழக்கு, கைமாறிய கம்பெனி என்று. ஆனாலும் எங்கள் நீல போர்டு இறங்கியது அந்த மாதம்தான் என்பதால் இரண்டும் என் மனதில் ஒன்றாகவே கிடக்கின்றன.

போர்டு காலியாக இருக்கவில்லை. விவோவும் ஒப்போவும் அந்தச் சமயம் இந்தியாவுக்கு வந்தன. அவர்கள் ஆன்லைனைவிடக் கடைகளைத்தான் நம்பினார்கள். போர்டு வைத்தார்கள், கடையில் நிற்க ஆள் அனுப்பினார்கள், ஒரு போன் விற்றால் விற்ற பையனுக்கே இன்சென்டிவ் கொடுத்தார்கள். மூன்று நாலு வருஷம் கடை மூச்சு விட்டது.

அந்த இன்சென்டிவ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, மகளுக்கு என்று ஒரு குறிப்பிட்ட மாடல் கேட்டு வந்தார். மகள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். அது எங்களிடம் இருந்தது. ஆனால் அந்த வாரம் வேறொரு மாடலுக்கு எனக்கு முந்நூறு ரூபாய் ஸ்கீம். “அதுல ஹீட் ஆகுதுன்னு கம்ப்ளைன்ட் வருதுக்கா, இதை எடுங்க” என்றேன். நம்பி எடுத்துப் போனார். மறுநாள் மகளோடு வந்தார். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. தன் தோழியின் போனில் இரண்டு மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நட்சத்திரமும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிய கருத்தும் காட்டினாள். பெட்டி பிரித்துவிட்டால் மாற்ற முடியாது என்பது கடைச் சட்டம். அதைத்தான் சொன்னேன். அவர்கள் திரும்ப வரவேயில்லை. ஆன்லைன் எங்கள் வாடிக்கையாளர்களைப் பறித்தது என்று யாராவது பேசும்போதெல்லாம் அந்தத் துண்டுச்சீட்டு ஞாபகம் வந்துவிடும். சிலரை நாங்களே வழியனுப்பி வைத்தோம்.

நானும் யோக்கியனில்லை. 2017-ல் வீட்டுக்கு மிக்ஸி ஆன்லைனில்தான் வாங்கினேன், அறுநூறு ரூபாய் குறைவு என்பதால். பகலில் வீட்டில் ஆள் இருக்காது, கடை முகவரி கொடுத்திருந்தேன். டீ குடித்துவிட்டு வந்தால் பார்சல் கல்லா மேல் இருக்கிறது. அண்ணாச்சியே கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எதுத்த பாத்திரக்கடைக்காரர் மக கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு நம்மகிட்டதான் போன் எடுத்தாரு, ஞாபகம் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

வணிகர் சங்கத்தில் கூட்டங்கள் நடக்கும், அண்ணாச்சி போய்வருவார். 2018 டிசம்பரில் மத்திய அரசு அந்நிய முதலீட்டு விதியைத் திருத்தி, எந்தப் பொருளையும் தங்கள் தளத்தில் மட்டுமே விற்க வேண்டும் என்று ஆன்லைன் நிறுவனங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. 2020 ஜனவரியில் டெல்லி வியாபாரிகள் கொடுத்த புகாரின் பேரில் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின் மீதும் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதிலும் முக்கியமான விஷயம் செல்போன்தான். பேப்பரில் அந்தச் செய்தியை அண்ணாச்சி வட்டம் போட்டு வைத்திருந்தார். இனிமேல் எல்லா மாடலும் நமக்கும் வரும் என்று கொஞ்ச நாள் நம்பினார். சரக்கு எப்படியும் நாலு வாரம் தள்ளித்தான் வந்தது. அதற்குள் வாங்குகிறவர்கள் வாங்கி முடித்திருந்தார்கள்.

கடையில் கூட்டம் நிரம்பிய நாட்களும் இடையில் உண்டு. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க ஒரு நிறுவனத்தின் சிக்னல் படுத்துவிட்டது. ஏர்செல்தான் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நம்பரைக் காப்பாற்றி வேறு கம்பெனிக்கு மாற்ற மூன்று நாள் வாசல்வரை வரிசை. 2020-ல் ஊரடங்கு தளர்ந்ததும் ஆன்லைன் வகுப்பு. பிள்ளைகளுக்குப் போன் வேண்டும் என்று, கம்மலை அடகு வைத்த பணத்தோடு வந்தார்கள். புதுசு கிடைக்கவில்லை, டிராயரில் கிடந்த பழைய போன்களை எல்லாம் சர்வீஸ் மேசையில் இருந்த மாஸ்டர் உயிர்ப்பித்துக் கொடுத்தார். இரண்டு தடவையும் ஊருக்குக் கடை தேவைப்பட்டது. இரண்டு தடவையும் நாங்கள் பெரிதாக ஒன்றும் சம்பாதிக்கவில்லை. போர்ட் செய்ய உதவியதற்கோ, கூகுள் மீட் இறக்கிக் கொடுத்ததற்கோ காசு கேட்க அண்ணாச்சிக்கு வாய் வராது. ரீசார்ஜில் நூற்றுக்கு மூன்று ரூபாய் வந்துகொண்டிருந்தது. அதுவும் கூகுள் பே-க்கும் போன்பே-க்கும் போயிற்று. வாடகை மட்டும் வருஷா வருஷம் ஏறியது.

2021-ல் கடையைக் காலி செய்தோம். இப்போது அந்த இடத்தில் ஒரு பிரியாணிக் கடை. மாஸ்டர் வீட்டுத் திண்ணையிலேயே சர்வீஸ் பார்க்கிறார், நன்றாகவே பார்க்கிறார். டிஸ்ப்ளே மாற்றத்தான் யாரும் கூரியரில் அனுப்புவதில்லையே. அண்ணாச்சி மகன் திருப்பூருக்குப் போய்விட்டான்.

நான் மதுரையில் ஒரு பிராண்டின் சர்வீஸ் சென்டரில் இருக்கிறேன். ஏ.சி., டோக்கன் மெஷின், சுவரில் கட்டணப் பட்டியல். பழைய போனிலிருந்து புதுப் போனுக்கு எல்லாவற்றையும் மாற்ற இவ்வளவு, மென்பொருள் ஏற்ற இவ்வளவு, பிரித்துப் பார்க்க மட்டும் இவ்வளவு, மேலே ஜிஎஸ்டி. முதல் நாள் அந்தப் பட்டியல் முன்னால் நின்று, எங்கள் கடையில் ஒரு சனிக்கிழமை செய்த வேலைக்கு இந்தக் கணக்கில் எவ்வளவு வரும் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன். இங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. அண்ணாச்சி அப்படி ஒரு பட்டியல் மாட்டியிருந்தால் ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

அந்த நீள நோட்டைக் கடை காலி செய்த அன்று அண்ணாச்சி என்னிடம் கொடுத்து, “எரிச்சிரு தம்பி” என்றார். எரித்துவிட்டேன். ஆனால் நம்பரை எரிக்க முடியவில்லை. மாதத்துக்கு இரண்டு தடவையாவது, கூகுளிலிருந்து ஆறு இலக்க எண் ஒன்று என் போனுக்கு வரும். யாரோ எங்கேயோ புதுப் போன் வாங்கி, பழைய கணக்கைத் திறக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் யாரென்று தெரியாது. சென்ற வாரம் இரவு ஒன்பதரைக்கு அப்படி வந்தது. இரண்டு நிமிஷத்தில் அண்ணாச்சி கூப்பிட்டார். கழுகுமலையிலிருந்து ஒருவர் அவர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறாராம், மகன் ஆன்லைனில் போன் எடுத்து அனுப்பியிருக்கிறானாம்.

“உனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு தம்பி. சொல்லு, எழுதிக்கிடுதேன்.”

சொன்னேன். மூன்றாவது இலக்கத்தை அவர் தப்பாக எழுதியதால், இன்னொரு தடவை அனுப்பச் சொல்லிக் காத்திருந்தோம்.