"பழகிரும்" என்றால் நம்பாதீர்கள்

அம்மாவின் கீழ்க் கொடுப்புப் பல் ஒன்றை அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கழற்றினார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. அந்த இடைவெளிக்குப் பல் கட்ட மட்டக்களப்பில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். அலைச்சல் அங்கேதான் தொடங்கியது.

"பிரிட்ஜ் போடுவம், முற்பணம் கட்டுங்க" என்றார்கள் எடுத்த எடுப்பிலேயே. பிரிட்ஜ் என்றால் இரு பக்கப் பல்லையும் பிடித்துக்கொண்டு இடைவெளியில் நிற்கும் பொய்ப்பல். வேறு வழி உண்டா என்று நாங்களாகக் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. கழற்றி மாட்டும் கட்டுப்பல் மலிவு, ஆனால் அம்மாவுக்கு விருப்பமில்லை. இம்ப்ளான்ட் என்றால் தாடை எலும்பில் டைட்டேனியம் திருகாணி. எலும்பு அதைப் பிடிக்கவே மூன்று முதல் ஆறு மாதம். அம்மாவின் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாததால் அதை விட்டோம். பிரிட்ஜுக்கு இரு பக்கப் பல்லையும் ராவி மூடி போட வேண்டும். நல்ல பல்லை ராவுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். ஒரு பக்கப் பல் ஏற்கனவே பெரிதாக அடைத்தது, எப்படியும் மூடி கேட்கும் என்பதால்தான் சம்மதித்தோம். உங்களுக்கு இரண்டும் பழுதில்லாத பல் என்றால் அவசரப்படாதீர்கள், ராவிய பல் திரும்ப வளராது.

அச்செடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். சொன்ன நாளில் களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ் ஏறிப் போனால், "இன்னும் வரல்ல". ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்த வெயிலில் அம்மாவைத் திருப்பிக் கூட்டிவந்ததை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. புறப்படுமுன் நீங்களே கேட்டுவிடுங்கள்.

ஒட்டிய பிறகு நடந்தது அதைவிட மோசம். வாயை மூடினால் பிரிட்ஜ்தான் முதலில் இடித்தது. சொன்னோம். "புதுசுதானே அம்மா, பழகிரும்" என்றார்கள். பழகவில்லை. சோறு மென்றாலே நோகுது என்று அம்மா மற்றப் பக்கத்தாலேயே சாப்பிட்டார். திரும்பப் போனாலும் அதே பதில், கூடவே வலி மாத்திரை.

சரி என்று கல்முனையில் வேறொரு டொக்டரிடம் காட்டினோம். அவர் மெல்லிய நீலத் தாள் ஒன்றைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். பிரிட்ஜின் ஒரு மூலையில் மட்டும் அழுத்தமான நீலப் பொட்டு. அந்த இடத்தைக் கொஞ்சம் ராவி, திரும்பவும் கடிக்க வைத்து, எல்லாப் பல்லிலும் சமமாகப் பதியும்வரை விடவில்லை. ஊசிகூடப் போடவில்லை, சில நிமிட வேலை. சில நாளில் நோவு போய்விட்டது!

ஒட்டுமுன் அந்த நீலத் தாளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் தற்காலிகமாக ஒட்டித் தரவும் கேட்கலாம், பிறகு கழற்றக்கூடிய சீமெந்து அதற்கென்றே இருக்கிறது. சில நாள் சாப்பிட்டுப் பார்த்து, கடி சரியென்றால் நிரந்தரமாக ஒட்டச் சொல்லி மீதிக் காசையும் அப்போது கொடுங்கள்.